ரெண்டு சீட்டுக் காரும் ஒரு தலைமுடி ரப்பரும்

லிப்ட்காரருக்கு வாழ்க்கையில பெருசா குழப்பம்னு ஒண்ணு வந்ததில்ல. லிப்ட்டு மேல போகும், கீழ வரும், நடுவுல மாட்டிக்கிட்டா இவருக்கு போன் வரும். பையைத் தூக்கிக்கிட்டுப் போவாரு, மோட்டார் ரூமுக்கு ஏறுவாரு, குழிக்குள்ள இறங்குவாரு, கையை வெச்சா கோளாறு எங்கன்னு தெரிஞ்சிடும். ஆளு குட்டை, கொஞ்சம் தொப்பை, சட்டைப் பையில எப்பவும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும். பேச்சு ரொம்பக் கம்மி. லிப்ட்டுக் கதவு தொறந்து மூடுற நேரத்துக்குள்ள என்ன பேசலாமோ அவ்வளவுதான் இவரு பேசுவாருன்னு வீட்டுக்காரம்மா சொல்லும்.

குழப்பமெல்லாம் அந்தக் காரோடதான் வந்து இறங்குச்சு.

மகளைக் கட்டிக்குடுத்து வெளியூருக்கு அனுப்பினப்புறம், வீட்டுல இருந்த பழைய வேனை வித்துட்டு, சின்னதா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டாரு. பச்சைக் கலர், துணிக் கூரை, ரெண்டே சீட்டு. சின்ன வயசுல இருந்து மனசுக்குள்ள இருந்த ஆசை. யார்கிட்டயும் சொன்னதில்ல, வீட்டுக்காரம்மாகிட்ட கூட. அந்தம்மா முன் ரூம்ல தையல் கடை வெச்சிருக்கு. மெஷினை நிறுத்திட்டு வாசலுக்கு வந்து பார்த்துச்சு. சுத்தி வந்துச்சு. குனிஞ்சு உள்ள எட்டிப் பார்த்துச்சு.

"இதுல ஏறணும்னா முதல்ல தரையில படுக்கணும் போலருக்கே"ன்னு சொல்லிட்டு, திரும்பவும் தைக்கப் போயிடுச்சு. அன்னைல இருந்து அந்தக் காருக்குத் தவளைன்னு பேரு.

டயர் கடைக்காரருன்னு ஒரு சிநேகிதரு. ஒல்லியா, நெட்டையா இருப்பாரு. உலகத்துல அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, கேட்டா அவரே சொல்வாரு. ஊருக்கு வெளியில ஒரு ரேஸ் டிராக் இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாதாரண ஜனங்களும் அவங்கவங்க வண்டியைக் கொண்டு வந்து சுத்தலாம். போட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா சுத்துறதுதான். டயர் கடைக்காரரு இவரை ஒரு தடவை கூட்டிட்டுப் போனாரு. அவ்வளவுதான், ஆளு மாட்டிக்கிட்டாரு. வாரம் பூரா வாயே தொறக்காத மனுஷன், அந்த ஒரு நாள் வளைவுல வண்டியைத் திருப்பும்போது தனக்குத்தானே பேசிக்குவாரு. டயர் கடைக்காரரு சொல்லித்தான் வண்டியைத் தரையோட தரையா இறக்கினாரு. கெட்டி ஸ்பிரிங் போட்டாரு. இருந்த சீட்டைக் கழட்டிட்டு ரேஸ் சீட்டுன்னு ஒண்ணு மாட்டினாரு, பார்க்கப் பிளாஸ்டிக் தொட்டி மாதிரி இருக்கும். வீட்டுக்காரம்மா எப்படியும் அதுல ஏறப்போறதில்ல, அதுக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கே.

அப்புறம் பேத்தி பொறந்தா.

அதைச் சொல்லணும்னா தனியா உக்காந்துதான் சொல்லணும். ஒரு கை நீளம் கூட இல்ல, தலை நிறைய முடி, கொட்டாவி விட்டா முகமே காணாமப் போயிடும். இவரு சுண்டு விரலைக் குடுத்தாரு, அது பிடிச்சுக்கிச்சு. அன்னைக்கு முழுக்க அந்த விரலால எந்த வேலையும் செய்யல.

மகள் ஊருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். கான்கிரீட் ரோடு, நடுவுல ஒரு பழைய பாலம், பாலத்துல பலகைக்குப் பலகை இடைவெளி. முதல் தடவை ரெண்டு பேரும் தவளையிலதான் கிளம்பினாங்க. வீட்டுக்காரம்மா மடியில ஒரு பை, காலுக்கடியில ஒரு பை, பின்னாடி டிக்கியில குழந்தைக்குத் தெச்ச மெத்தை, துணி, பாட்டில். பாலத்து மேல ஏறினதும் ஒவ்வொரு இடைவெளிக்கும் அம்மான்னு ஒரு சத்தம். பாலம் முடிஞ்சதும் நிறுத்தச் சொன்னுச்சு. இறங்குச்சு. பஸ் ஸ்டாப்புல போய் நின்னுக்கிச்சு.

இவரு என்ன பண்ணுவாரு? பையையெல்லாம் எடுத்துக்கிட்டுத் தனியா ஓட்டிட்டுப் போனாரு. முதல்ல போய்ச் சேர்ந்தாரு. பேத்தியை முதல்ல வாங்கினாரு. வீட்டுக்காரம்மா பஸ்ல நசுங்கி வந்து சேர்ந்தப்போ, குழந்தை இவரு தொப்பை மேல படுத்து நல்லாத் தூங்கிக்கிட்டிருந்துச்சு. எழுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. முதுகு வலியைக் கூட அந்தம்மா மன்னிச்சிருக்கும். இதை மன்னிக்கல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. ஒரே வீட்டுல இருந்து, ஒரே குழந்தையைப் பார்க்க, ஒருத்தரு கார்ல, ஒருத்தரு பஸ்ல. உங்க ரெண்டு பேருக்கும் சண்டையான்னு மகளே கேட்டுட்டா.

கடைசியா வீட்டுக்காரம்மா தீர்ப்பு சொல்லிடுச்சு. மகளுக்கு லீவு முடியப்போகுது. அவ வேலைக்குப் போக ஆரம்பிச்சா, வாரா வாரம் போய்க் குழந்தையைப் பார்த்துக்கிறது இந்தம்மாதான். மூட்டை முடிச்சோட பஸ்ல அலைய முடியாது.

"அதுக்குள்ள நான் உக்கார்ற மாதிரி இதை மாத்துங்க. இல்லன்னா வித்துட்டு நாலு கதவு வெச்ச வண்டியா ஒண்ணு வாங்குங்க. பல் டாக்டர்தான் கேட்டுக்கிட்டே இருக்காரே."

பல் டாக்டர் காரை விலைக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அவரு கிளினிக் இருக்கிற கட்டடத்துல லிப்ட்டு பார்க்கிறது இவருதான். ஒவ்வொரு தடவையும் கார் எப்படி இருக்குன்னு விசாரிப்பாரு, வீட்டுல ஒரு ஆளை விசாரிக்கிற மாதிரி.

லிப்ட்காரருக்கு ரெண்டும் வேணும். ரோட்டுல வீட்டுக்காரம்மா நிம்மதியா உக்காரணும். டிராக்குல வண்டி ஒட்டிக்கிட்டு ஓடணும். இதுல என்ன பேராசைன்னு அவருக்குத் தோணல.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலைக்குன்னே ஒரு பட்டறை இருக்கு. நடத்துறது ஒரு அம்மா. கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருக்கும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போனாரு. ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கணும், ரெண்டு பேரும் எவ்வளவு எடைன்னு பட்டறைக்காரம்மா கேட்டுச்சு. வீட்டுக்காரம்மா ரெண்டடி தள்ளி நின்னு சுவத்துல மாட்டியிருந்த ஸ்டியரிங்கையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்துச்சு. இவரு ஓரக்கண்ணால அந்தப் பக்கம் பார்த்தாரு. அந்தம்மாவுக்குக் கல்யாணத்தப்போ இருந்த எடையை மெல்லமாச் சொல்லிட்டாரு. அவளுக்கு மட்டும் குறைச்சா நல்லா இருக்காதுன்னு தனக்கும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டாரு. பட்டறைக்காரம்மா கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பார்த்துச்சு, சரிங்கன்னு சொல்லிடுச்சு. இதை அவரு வாசல் தாண்டும்போதே மறந்துட்டாரு.

மெது ஸ்பிரிங் வந்துச்சு. தொட்டி சீட்டு போய்ப் பஞ்சு வெச்ச சீட்டு வந்துச்சு, அதுக்கு வீட்டுக்காரம்மாவே உறை தெச்சுப் போட்டுச்சு. இவரு தனியா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாரு. தொட்டில் மாதிரி இருந்துச்சு. சந்தோஷமா வந்து வீட்டுக்காரம்மாவை ஏத்தினாரு. பாலத்துக்குப் போனாங்க. முன்ன அம்மான்னு கத்தினது, இப்ப ஐயோன்னு கத்துச்சு.

மெதுவாக்கினா எப்படி இன்னும் அதிகமா குத்தும்? இவருக்கு மண்டை காய்ஞ்சு போச்சு.

டயர் கடைக்காரரு காத்தைக் குறைக்கச் சொன்னாரு, குறைச்சாரு. பக்கவாட்டுல உயரமான டயரு மாத்தச் சொன்னாரு, மாத்தினாரு. பட்டறைக்குப் போய் இன்னும் மெதுவான ஸ்பிரிங் இருக்கான்னு கேட்டாரு. கேட்டதைப் பட்டறைக்காரம்மா குடுத்துச்சு. ஷாக் அப்சார்பர்ல ஒரு திருகு உண்டு, எல்லாத்தையும் தளர்த்தி விட்டாரு. ஒவ்வொரு தடவையும் தனியாப் போனா பஞ்சு. வீட்டுக்காரம்மா ஏறினா இடி. டிராக்குக்குக் கொண்டு போனா வண்டி வளைவுல படகு மாதிரி சாயுது, டயர் கடைக்காரரு பக்கத்துல தாண்டிப் போகும்போது கையாட்டிட்டுப் போறாரு. வீட்டுக்கும் ஆகல, டிராக்குக்கும் ஆகல. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாத்தையும் செஞ்சாச்சு, தலையும் புரியல வாலும் புரியல.

ஒரு கட்டத்துல, இடியை வீட்டுக்காரம்மாவே கையோட கொண்டு வருதோன்னு கூட அவருக்குச் சந்தேகம் வந்துச்சு. வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரல.

சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது ஒரு நாள் கேட்டாரு, எப்படித்தான் இருக்குன்னு விவரமாச் சொல்லேன்.

"குலுங்கினா பரவால்லங்க. கொஞ்சம் தூக்கிப் போட்டாலும் பரவால்ல. முடியிற இடத்துல ஒரு இடி இடிக்குது பாருங்க, யாரோ அடியில உக்காந்து சுத்தியலால அடிக்கிற மாதிரி. அதைத்தான் தினமும் சொல்றேன், நீங்க சீட்டுக்குப் பஞ்சு வெக்கிறீங்க."

அவரு தலையாட்டினாரு. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பஞ்சு வாங்கிட்டு வந்தாரு. பல் டாக்டருக்கும் ஒரு போன் போட்டு, சனிக்கிழமை வந்து பாருங்கன்னு சொல்லிட்டாரு.

அந்த வாரத்துலதான் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துல இருந்து கூப்பிட்டாங்க. கீழ் தளத்துக்கு வரும்போது லிப்ட்டு படார்னு இடிக்குதாம். கட்டடத்துச் செயலாளரு, பேன்ட்டை வயித்துக்கு மேல ஏத்திக் கட்டினவரு, கூடவே நின்னுக்கிட்டு யோசனை சொன்னாரு. லிப்ட்டுத் தரை ரொம்பக் கெட்டியா இருக்கு, தடிமனா ரப்பர் பாய் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டா போதும், இடி தெரியாதுன்னாரு.

லிப்ட்காரரு குழிக்குள்ள இறங்கி டார்ச்சு அடிச்சுப் பார்த்தாரு. குழியில அடியில ஒரு பஃபர் நிக்கும். லிப்ட்டு தப்பித் தவறி எல்லை தாண்டி இறங்கினா அது தாங்கிக்கும். ஒழுங்கா ஓடுற லிப்ட்டு அதைத் தொடவே தொடாது, அதனால அது மேல தூசி படிஞ்சு கிடக்கும். இங்க தூசி இல்ல. நடு மண்டையில பளபளன்னு தேய்ஞ்சிருந்துச்சு.

எத்தனை பேரு ஏறினீங்கன்னு கேட்டாரு. எழுதியிருக்கிற அளவுதான்னாரு செயலாளரு. அப்புறம் மெதுவா, வீடு மாத்தினப்போ ஒரு பீரோவும் கூட இருந்துச்சுன்னாரு. அதுக்குள்ள துணியும் இருந்துச்சாம்.

லிப்ட்காரரு குழியில இருந்து தலையை மட்டும் நீட்டினாரு.

"தரை இடிக்கலைங்க. பாரம் தாங்காம இறங்கி அடியில பஃபர் மேல போய் உக்காருது. இதுக்கு மேல பாய் போட்டா மட்டும் நிக்குமா? எடையில நீங்க பொய் சொல்லலாம், லிப்ட்டு கேக்..."

அதோட நிறுத்திட்டாரு. வாய் தொறந்தபடியே இருந்துச்சு. என்ன ஆச்சுங்கன்னு செயலாளரு கேட்டாரு, ஏதாவது கடிச்சிடுச்சான்னு குனிஞ்சு பார்த்தாரு. இவரு குழிக்குள்ள நின்னபடியே பட்டறைக்கு போன் பண்ணினாரு. கார்லயும் இப்படி அடியில ஒரு பஃபர் இருக்கான்னு கேட்டாரு.

இருக்கேன்னு சொன்னுச்சு பட்டறைக்காரம்மா. ஷாக் அப்சார்பர் தண்டுல மேல ஒரு ரப்பர் கட்டை இருக்கும், ஸ்பிரிங் தாங்காம முழுக்க அமுங்கினா அதுல போய் இடிக்கும். தண்டைச் சுத்தி ஏதாவது வளையம் கட்டி ஓட்டிப் பாருங்க, அது எவ்வளவு தூரம் மேல தள்ளியிருக்கோ அவ்வளவு அமுங்கியிருக்குன்னு அர்த்தம்னு சொன்னுச்சு. இதை ஏன் முதல்லயே சொல்லலன்னு கேட்டாரு. நீங்க இடிக்குதுன்னு சொல்லவே இல்லையே, மெதுவா வேணும் மெதுவா வேணும்னுதானே கேட்டீங்கன்னுச்சு.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி கிடந்த வீட்டுக்காரம்மாவோட தலைமுடி ரப்பரை எடுத்தாரு. நல்ல சிவப்பு. வெட்டி, சக்கரத்துக்குப் பின்னாடி கையை விட்டு, தண்டுல இறுக்கி முடிச்சுப் போட்டாரு. தனியா பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து குனிஞ்சு பார்த்தாரு. ரப்பர் பாதி வழியில நின்னுச்சு. கீழ இழுத்து விட்டுட்டு, வீட்டுக்காரம்மாவைக் கெஞ்சிக் கூப்பிட்டு, எப்பவும் போல பையெல்லாம் ஏத்தி, மறுபடியும் பாலத்துக்குப் போனாரு. ஐயோ சத்தமெல்லாம் முறைப்படி வந்துச்சு. இறங்கிப் பார்த்தா ரப்பர் உச்சியில ஏறி நசுங்கிக் கிடக்கு.

வீட்டுக்காரம்மாவும் குனிஞ்சு பார்த்துச்சு. "என் ரப்பர் அங்க என்ன பண்ணுது?"

அவரு லிப்ட்டு, குழி, பஃபருன்னு அவருக்குத் தெரிஞ்ச பாஷையில விளக்கினாரு. அந்தம்மா பொறுமையாக் கேட்டுச்சு. இடுப்புல கையை வெச்சுக்கிச்சு.

"அப்ப நான் ஏறினாத்தான் இடிக்குதுன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. ரப்பர்தான் சொல்லுது."

அவரு ஆயுசுல சொன்ன பெரிய பேச்சு அதுதான். அதோட வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினாரு.

பட்டறைக்காரம்மா நசுங்கின ரப்பரைப் பார்த்துச்சு. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிச்சு. இந்த ஸ்பிரிங்குக்கு இவ்வளவு அமுங்கக் கூடாதே, அன்னைக்குச் சொன்ன எடை சரிதானே அண்ணேன்னு கேட்டுச்சு. லிப்ட்காரரு கூரையில சுத்துற ஃபேனை ரொம்பக் கவனமாப் பார்த்தாரு.

"என்ன எடை சொன்னீங்க?"ன்னு வீட்டுக்காரம்மா திரும்புச்சு.

சொன்னாரு. சொல்லித்தான் ஆகணும்.

வீட்டுக்காரம்மா சிரிக்க ஆரம்பிச்சு, சிரிப்பை நிறுத்த முடியாம, அடுக்கி வெச்சிருந்த டயர் மேல போய் உக்காந்துக்கிச்சு. "அது கல்யாணத்தப்போங்க. அதுவும் காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சப்போ." கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இவரு எடைக்கும் என்ன சொன்னாருன்னு பட்டறைக்காரம்மாகிட்ட கேட்டுச்சு. கேட்டதும் இன்னொரு தடவை சிரிச்சுச்சு.

யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், வண்டியில உக்காருங்க போதும்னு பட்டறைக்காரம்மா சொன்னுச்சு. நாலு சக்கரத்துக்கும் அடியில தராசுப் பலகை வெச்சுச்சு. ரெண்டு பேரும் உள்ள உக்காந்தாங்க, மடியில பை, காலுக்கடியில பை, டிக்கியில மூட்டை. எடை காட்டுற திரையை அந்தம்மா தன் பக்கமாத் திருப்பி வெச்சுக்கிச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த நம்பரு பட்டறைக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பார்த்து முடிச்சுட்டு, இந்தப் பாரத்தைத் தாங்குற கெட்டி ஸ்பிரிங் போடணும், ரப்பர் கட்டைக்கு எட்டாம வண்டியை ஒரு விரல் உசத்தணும்னு சொன்னுச்சு.

லிப்ட்காரருக்குத் திரும்பவும் தலை சுத்துச்சு. கெட்டியா இருக்குன்னுதானே இவ்வளவு நாளா அழுதோம், இன்னும் கெட்டியாப் போட்டா எப்படின்னு கேட்டாரு. நாலு விதமாக் கேட்டாரு.

"கயிறு மெல்லிசா இருந்தா லிப்ட்டு சொகுசா இருக்கும்னு போடுவீங்களா அண்ணே?"

போடமாட்டாரு. அது தெரியுது. ஆனா இது எப்படி அதுன்னு புரியல. பல் டாக்டர் வர்ற சனிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள் இருந்துச்சு. சரி போடுங்கன்னு சொல்லிட்டாரு, கண்ணை மூடிக்கிட்டுக் குளத்துல குதிக்கிற மாதிரி.

சனிக்கிழமை காலையில பல் டாக்டரைச் சாயங்காலம் வரச் சொல்லிட்டு, ரெண்டு பேரும் மகள் ஊருக்குக் கிளம்பினாங்க. பாலம் தூரத்துல தெரிஞ்சதும் இவரு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சாரு. தோளை உசத்திக்கிட்டாரு. முதல் இடைவெளி. டுப்புனு ஒரு சின்னச் சத்தம். ரெண்டாவது. அவ்வளவுதான். கத்தல் வரல. கோவமா இருக்கான்னு திரும்பிப் பார்த்தா, வீட்டுக்காரம்மா வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குது. எழுப்பி, இடிக்குதா இல்லையான்னு கேக்கணும்னு நாக்கு துடிச்சுச்சு. கேக்காமலே பாலத்தைத் தாண்டிட்டாரு. கெட்டியாப் போட்டா எப்படித் தூக்கம் வரும்னு யோசிச்சு யோசிச்சு, திரும்ப வேண்டிய தெருவைத் தவறவிட்டு, சுத்திக்கிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாரு.

வாசல்ல நிறுத்தினதும் வீட்டுக்காரம்மா முழிச்சு, கதவைத் தொறந்து ஓடிடுச்சு. இவரு தொப்பையை ஸ்டியரிங்குல இருந்து மீட்டு வெளிய வர்றதுக்குள்ள பேத்தி கை மாறிட்டா.

பல் டாக்டர் போன் பண்ணினப்போ குழந்தை வீட்டுக்காரம்மா தோள்ல இருந்துச்சு. போனை வீட்டுக்காரம்மாவே எடுத்துச்சு. வண்டி குடுக்கிறதா இல்லைங்க, பல்லு வேணா காட்ட வர்றோம்னு சொல்லி வெச்சிடுச்சு.

அடுத்த டிராக் நாள்ல வண்டி வளைவுல சாயவே இல்ல. ரெண்டு ஆளும் மூட்டையும் தாங்குற ஸ்பிரிங்கு, ஒத்தை ஆளு உக்காந்தா விறைப்பா நின்னுச்சு. டயர் கடைக்காரரு பின்னாடியே துரத்தி வந்தாரு, முன்னால போக முடியல. நிறுத்தினதும் என்னய்யா மாத்தினேன்னு விசாரிச்சாரு. வீட்டுக்காரம்மாவை உக்கார வெச்சு எடை போட்டேன்னாரு இவரு. டயர் கடைக்காரருக்கு அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு விஷயம் தெரியாமப் போச்சு.

மகள் வேலைக்குப் போகிற திங்கக்கிழமை வந்துச்சு. வீட்டுக்காரம்மா பையெல்லாம் டிக்கியில அடுக்கினப்புறம் சாவிக்குக் கையை நீட்டுச்சு. பழைய வேனை ஓட்டின லைசென்ஸ் அதுகிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் அங்கதான் இருக்கணும், வண்டி அங்க இருந்தாத்தான் குழந்தைக்கு ஒண்ணுன்னா ஓட வசதி, நீங்க வேலை முடிச்சுட்டு வெள்ளிக்கிழமை பஸ்ல வாங்க, சேர்ந்து திரும்பலாம்னு சொன்னுச்சு. எல்லாம் நியாயமாத்தான் இருந்துச்சு. இவரால ஒரு இடத்துலயும் மறிக்க முடியல. சாவியைக் குடுத்தாரு. தவளை சத்தமே இல்லாம தெரு முனையில திரும்பிப் போச்சு.

வெள்ளிக்கிழமை பஸ்ல நின்னுக்கிட்டே போனாரு, கையில குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை. பாலத்துல பஸ்ஸு ஒவ்வொரு இடைவெளிக்கும் படார் படார்னு இடிச்சுச்சு. அடியில ரப்பர் கட்டை தேய்ஞ்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டாரு. காரை விக்காமக் காப்பாத்தியாச்சு. ஆனா கார்ல அவ போறா, பஸ்ல நான் போறேன். இது எந்தக் கணக்குல சேரும்னு அவருக்குப் பிடிபடல.

மகள் வீட்டு வாசல்ல பச்சைக் கார் துடைச்சுச் சுத்தமா நின்னுச்சு. அவரு உள்ள போகல. முதல்ல குனிஞ்சு, சக்கரத்துக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தாரு. திங்கக்கிழமை காலையில அவரே கீழ இறக்கி விட்ட சிவப்பு ரப்பர், பாதிக்கு மேல, நல்லா மேலயே ஏறியிருந்துச்சு. டிராக்குல கூட அவருக்கு அவ்வளவு ஏறினதில்ல.

நிமிந்தாரு. வீட்டுக்காரம்மா கதவுகிட்ட நிக்குது, தோள்ல பேத்தி.

"பாலத்துல என்ன வேகத்துல போன?"

"குழந்தை தூங்குது, மெதுவாப் பேசுங்க"ன்னு சொல்லிட்டு, பேத்தியை அவரு கையில குடுத்துச்சு.